தோட்டம், கண்காணி, கடன்: தூய்மைவாதப் பிரசங்க மரபின் உருவகங்களும் மலையகமும்

1

தமிழ் உரைநடையின் வளர்ச்சியிலே கிறித்தவப் பாதிரிமார் வகித்த பங்கு நம்மவரால் ஓரளவு ஆராயப்பட்டுள்ளது. அகராதி, இலக்கணம், பாடநூல், பத்திரிகை ஆகிய துறைகளில் அவர்கள் ஆற்றிய பணி பற்றி நூல்களும் கட்டுரைகளும் பல வெளிவந்துள்ளன. ஆயின், அப்பாதிரிமார் தமது முதற்கடமையாகக் கருதியது பிரசங்கமே. அப்பிரசங்கத்தினைச் சமய வரலாற்றின் ஒரு கூறாக மட்டும் நோக்காது, கேட்போரை வயப்படுத்தும் ஒரு சொல்வடிவமாக நோக்கும் முயற்சி நம்மிடையே குறைவு. மலையகத் தமிழரைப் பொறுத்தவரையில் இக்குறை இரட்டிப்பானது. அம்மக்களின் வாய்மொழிப் பாடல்கள் தொகுக்கப்பட்டன. அவர்களது சிறுகதையும் நாவலும் திறனாய்வு பெற்றன. அவர்களை நோக்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பேசப்பட்ட பேச்சின் அமைப்பு எத்தகையது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படவில்லை.

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் நியூ இங்கிலாந்திலும் உருவாகிய தூய்மைவாதப் (பியூரிட்டன்) பிரசங்கத்தின் அமைப்பினையும் உருவகங்களையும் சுருக்கமாக விளக்கி, அவற்றின் வழிவந்த கூறுகள் மத்திய மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களிலே எத்தகைய பொருளைப் பெற்றிருக்கக்கூடும் என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தோட்டந்தோறும் சென்ற உபதேசிமாரின் பேச்சு வாய்ப்பேச்சாகவே பெரிதும் கழிந்தது. ஆதலின், அவர்கள் கையிலிருந்த தமிழ் விவிலியத்தின் சொற்களையும், அவர்கள் பயின்ற பிரசங்க மரபின் கட்டுக்கோப்பையும், கேட்போரின் தோட்டச் சொல்வழக்கையும் ஒன்றோடொன்று வைத்து நோக்குவதே ஈண்டு கைக்கொள்ளப்படும் முறையாகும்.

2

தூய்மைவாதப் பிரசங்கத்தின் இலக்கண நூல் எனத்தக்கது வில்லியம் பேர்க்கின்ஸ் இலத்தீனில் எழுதி 1592 இல் வெளியிட்ட பிரசங்கக்கலை பற்றிய நூலாகும். 1607 இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பிரசங்கியானவன் முதலில் வேதவசனத்தை வாசிக்க வேண்டும். அதன் பொருளை வேதத்தின் பிற பகுதிகளைக் கொண்டே விளக்க வேண்டும். அதிலிருந்து போதனைகளைத் திரட்ட வேண்டும். இறுதியில் அவற்றைக் கேட்போரின் வாழ்க்கையோடு பொருத்திக் காட்ட வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. பின்வந்தோர் கையில் இது வசனம், போதனை, நியாயம், பயன் என நாற்பகுதியாக உறுதிப்பட்டது.

நமது உரைமரபினை அறிந்தோர்க்கு இதன் முற்பகுதி அந்நியமாகத் தோன்றாது. மூலத்தை முன்வைத்துப் பதப்பொருள் கூறி, பொழிப்புரைத்து, விசேடவுரை வரையும் முறையோடு இது பெரிதும் ஒத்திருக்கிறது. வேறுபாடு இறுதிப் பகுதியிலேதான் உள்ளது. உரையாசிரியர் நூலுக்கு உரை காண்கிறார்; பிரசங்கியோ நூலைக்கொண்டு எதிரே அமர்ந்திருப்பவனுக்கு உரை காண்கிறார். அப்பகுதியில் 'அவர்கள்' என்னும் படர்க்கை மறைந்து 'நீ' என்னும் முன்னிலை தோன்றுகிறது. நாற்பகுதிகளுள் 'பயன்' என்னும் இறுதிப் பகுதியே இக்கட்டுரையின் வாதத்துக்கு அச்சாணியாதலின், வாசகர் அதனை மனங்கொள்ள வேண்டும்.

தூய்மைவாதிகள் தமது நடையினை எளிய நடை என்றனர். அக்காலத்து அங்கிலிக்கன் திருச்சபையில் லான்சலட் அன்ட்ரூஸ், ஜோன் டன் போன்றோர் இலத்தீன் கிரேக்க மேற்கோள்களும் சொற்சாதுரியமும் நிறைந்த பிரசங்கங்களை நிகழ்த்தினர். சன்னலின் வண்ணக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுப்பதுபோல அலங்காரம் சத்தியத்தை மறைக்கும் எனத் தூய்மைவாதிகள் கருதினர். எனினும், எளிய நடை என்றதனால் அணியற்ற நடை எனக் கொள்ளலாகாது. அவர்கள் விலக்கியது படித்தோர் மட்டும் சுவைக்கும் அணிகளையே. உழவன், மாலுமி, நெசவாளன், வணிகன், இல்லத்தரசி ஆகியோரின் அன்றாடத் தொழிலிலிருந்து பெறப்பட்ட உவமைகளை அவர்கள் தாராளமாக ஆண்டனர். கணக்கேடு, பிணை, விதைப்பு, களையெடுப்பு, கப்பற்பயணம், நோய், மருந்து ஆகியன அப்பிரசங்கங்களில் மீண்டும் மீண்டும் வருவன. ஒரே கருத்தினைப் பல உவமைகளால் அடுக்கிச் சொல்லுதல், வினாவெழுப்பி விடையிறுத்தல், கேட்போன் மனத்தில் எழக்கூடிய மறுப்பைத் தாமே கூறித் தாமே மறுத்தல் ஆகியன அவர்களது ஏனைய உத்திகளாகும்.

3

அவர்களது படிமங்களுள் மூன்றினை இங்கு குறிப்பிடுதல் வேண்டும்.

முதலாவது, முன்னடையாளம் என்னும் உத்தி. பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகள் பின்னர் நிகழவிருப்பனவற்றின் நிழல்கள் எனக் கொள்ளுதல் கிறித்தவ மரபில் தொன்மையானது. தூய்மைவாதிகள் இதனைத் தமது காலத்து வரலாற்றுக்கும் விரித்தனர். இங்கிலாந்து அவர்களுக்கு எகிப்தாகவும், அத்திலாந்திக் சமுத்திரம் செங்கடலாகவும், அமெரிக்கக் காடு வனாந்தரமாகவும் ஆயின. 1630 இல் மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தின் தலைவரான ஜோன் வின்த்ரொப் நிகழ்த்திய உரையிலே புதிய குடியேற்றத்தை உலகத்தார் கண்கள் யாவும் நோக்கும் மலைமேல் நகருக்கு ஒப்பிட்டார். 1670 இல் சாமுவேல் டான்போர்த் நிகழ்த்திய தேர்தல்நாட் பிரசங்கம் வனாந்தரத்துக்கு வந்த நோக்கத்தை மக்கள் மறந்தமை குறித்து இடித்துரைத்தது. இப்படிமத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நிலத்தை வனாந்தரம் என்றழைத்ததும் அதில் ஏற்கனவே வாழ்ந்தோர் கண்ணுக்குப் புலப்படாதவராயினர். அமெரிக்கப் பழங்குடிகளின் நிலம் பறிபோனமைக்கு இவ்வுருவகமும் ஒரு நியாயமாயிற்று.

இரண்டாவது, புலம்பற் பிரசங்கம். எரேமியா தீர்க்கதரிசியின் பெயரால் வழங்கும் இவ்வகை, மக்களின் வீழ்ச்சியைப் பட்டியலிட்டு, வரவிருக்கும் தண்டனையை அச்சுறுத்தி, இறுதியில் உடன்படிக்கை இன்னும் முறியவில்லை என ஆறுதல் கூறும். பெரி மில்லர் இதனை ஒரு சமூகத்தின் மனச்சோர்வின் வெளிப்பாடாகக் கண்டார். 1978 இல் வெளிவந்த தமது நூலில் சக்வான் பேர்கோவிச் இதற்கு வேறு விளக்கம் அளித்தார். புலம்பலே நம்பிக்கையை உறுதிப்படுத்தும் சடங்கு என்பதும், கண்டனத்தின் வழியாகவே சமூகம் தன்னை ஒருமைப்படுத்திக்கொள்கிறது என்பதும் அவர் வாதம்.

மூன்றாவது, அச்சப்படிமம். இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது ஜொனதன் எட்வேட்ஸ் 1741 ஜூலை 8 ஆம் நாள் என்பீல்ட் என்னுமிடத்தில் நிகழ்த்திய பிரசங்கமாகும். எட்வேட்ஸ் தூய்மைவாத மரபின் பிற்கால வாரிசு. உபாகமத்தில் வரும் கால் சறுக்குதல் என்ற கருத்தை வசனமாகக் கொண்டு, நெருப்பின்மேல் பிடிக்கப்பட்ட சிலந்தி, மெல்லிய நூலிழை, நாணேற்றிய வில், அணையால் தடுக்கப்பட்டுப் பெருகும் வெள்ளம், பாழ்ங்குழியின்மேல் உளுத்துப்போன மூடுபலகை என உவமைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அவர் அடுக்குகிறார். இவையனைத்தும் ஒரே நிலையைச் சுட்டுகின்றன: விழுதல் இன்னும் நிகழவில்லை, நிகழாமல் இருப்பதற்கு மனிதனிடத்தில் எக்காரணமும் இல்லை. தண்டனையை விரித்துரைப்பதிலும் பார்க்க, தண்டனைக்கு முந்திய கணத்தை நீட்டிக் காட்டுவதிலேயே அப்பிரசங்கத்தின் ஆற்றல் தங்கியுள்ளது.

படிமத்தின் வலிமை கேட்போனின் வாழ்விலிருந்தே பிறக்கிறது என்பதற்கு அதுவே சான்று. சமதரையில் வாழ்பவனுக்குக் கால் சறுக்குதல் ஓர் உவமை. முதுகில் கூடையோடு, அடைமழையில், செங்குத்தான மலைச்சரிவிலே நின்று கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அது அன்றாட அனுபவம். இவ்வேறுபாட்டை நோக்கியே நாம் மலைநாட்டுக்கு வரவேண்டியுள்ளது.

4

தூய்மைவாதப் பிரசங்க மரபு தமிழுக்கு வந்த வழிகள் இரண்டு.

முதல் வழி யாழ்ப்பாணம். 1810 இல் தோன்றிய அமெரிக்க மிஷன் சங்கத்தார் 1816 இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கினர். அவர்கள் நியூ இங்கிலாந்தின் சபைவழித் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அன்டோவர் என்னுமிடத்திலிருந்த கல்வின்வாத இறையியற் கல்லூரியோடு தொடர்புடையவர்கள். எட்வேட்ஸின் சிந்தனைக்கு நேர் வாரிசுகள். 1823 இல் அவர்கள் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியும், 1841 இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையும் நாமறிந்தவை. தூய்மைவாதியான ஜோன் பனியன் சிறையிருந்து எழுதத் தொடங்கி 1678 இல் வெளியிட்ட மோட்சப் பயண உருவகக்கதை தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பரவியது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதனையே தழுவிக் கம்பனின் வழிநின்று பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894 இல் வெளியாயிற்று. எளிய நடையில் பிறந்த ஒரு தூய்மைவாத உருவகம் தமிழிலே காப்பிய அணிகளைப் பூண்டமை தனித்து ஆராயத்தக்கது.

பிரசங்க வடிவம் கிறித்தவ எல்லைக்குள் அடங்கி நிற்கவில்லை. பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், 1847 ஆம் ஆண்டின் இறுதிநாளன்று வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் தமது சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். எதிரியின் படைக்கலத்தையே கைக்கொண்டு எதிரியை எதிர்த்த அச்செயல், பிரசங்கம் என்னும் வடிவம் அதன் கொள்கையினின்றும் பிரித்தெடுக்கப்படக்கூடியது என்பதனை மெய்ப்பித்தது.

இரண்டாம் வழி திருநெல்வேலி. தென்னிந்தியாவில் அங்கிலிக்கன் திருச்சபை மிஷனைச் சேர்ந்தோர் கண்டிப்பான பொருளில் தூய்மைவாதிகள் அல்லர். ஆயினும் அவர்கள் சுவிசேஷ எழுச்சியின் வழிவந்தோர். வசனத்தை விளக்கி, பாவ உணர்வை எழுப்பி, மனந்திரும்புதலைக் கோரும் முறை தூய்மைவாதத்தினின்றும் அவ்வெழுச்சிக்குக் கிட்டிய சொத்தாகும். 1854 இல் கண்டியை மையமாகக் கொண்டு இம்மிஷன் தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்றவென ஒரு கிளையை நிறுவியது. அதன் பெயரே தமிழ்க் கூலி மிஷன் என்பதாகும். திருநெல்வேலியில் பணியாற்றியிருந்த செப்டிமஸ் ஹொப்ஸ் அதன் தொடக்ககாலப் பொறுப்பாளர். உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வரவழைக்கப்பட்டனர். இப்பணிக்குத் தோட்டத்துரைமாரின் ஆதரவும் நன்கொடையும் கிடைத்தன.

இவ்விறுதிச் செய்தி முக்கியமானது. யாழ்ப்பாணத்தில் பிரசங்கி நிலவுடைமையாளரையும் மாணவரையும் நோக்கிப் பேசினார்; அவருக்கு எதிர்வாதம் புரிய நாவலர் இருந்தார். தோட்டத்திலோ உபதேசியார் துரையின் அனுமதியோடு உள்ளே நுழைந்து, துரையின் கூலியாட்களிடம் பேசினார். துரைமாருள் பலர் ஸ்கொத்லாந்தினர்; கல்வினின் போதனையில் வளர்ந்த சமூகத்தவர். அவர்கள் வழிபடவும் ஆலயங்கள் எழுந்தன. ஹற்றனுக்கு அண்மையில் டிக்கோயாவிலே 1878 இல் எழுப்பப்பட்ட வார்லி கிறிஸ்து ஆலயம் இன்றும் நிற்கிறது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் மலைநாட்டுக் காடுகளை உரிமையாளரற்ற நிலமாகக் கருத வழிசெய்திருந்தது. அமெரிக்காவில் வனாந்தரம் என்ற உருவகம் ஆற்றிய பணியை இங்கே சட்டத்தின் சொற்கள் ஆற்றின.

தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையினர் இந்துக்களே என்பதையும் மறத்தலாகாது. மாரியம்மன் திருவிழாவும், காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கர் கதையும், ஒப்பாரியும் அவர்களது கலைவாழ்வின் ஆணிவேர்கள். பிரசங்கம் அம்மண்ணில் வெறுமையில் விழவில்லை. கதைகேட்டும் புலம்பிப் பாடியும் பழகிய செவிகளிலேயே விழுந்தது.

5

தமிழ் விவிலியத்தின் சொற்களைத் தோட்டச் சொல்வழக்கோடு ஒப்பிடுமிடத்து, வியப்புக்குரிய சில ஒருமைப்பாடுகள் புலனாகின்றன. மொழிபெயர்ப்பாளர் தோட்டங்களை மனத்திற்கொண்டு இச்சொற்களைத் தெரிந்தாரல்லர். ஆயினும் ஒரே சொல் இரு உலகங்களில் வழங்கும்போது, கேட்போன் ஒன்றினை மற்றொன்றின் ஊடாகவே விளங்கிக்கொள்வான்.

(அ) தோட்டம். திராட்சைக்கொடி பயிராகும் நிலத்துக்குத் தமிழ் விவிலியம் தரும் பெயர் திராட்சத்தோட்டம் என்பதாகும். மத்தேயு சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தில் வரும் உவமைக்கதை யாவரும் அறிந்தது. தோட்டத்துச் சொந்தக்காரன் விடியற்காலையில் நாட்கூலி பேசி வேலையாட்களை அமர்த்துகிறான். பகலிலும் மாலையிலும் வேறு ஆட்களை அமர்த்துகிறான். பொழுதுசாய்ந்ததும் யாவருக்கும் ஒரே கூலி கொடுக்கிறான். முந்தி வந்தோர் முறுமுறுக்க, அவர்களைக் கண்டிக்கிறான். ஐரோப்பியப் பிரசங்க மரபில் இக்கதையின் பயன் கடவுளின் கிருபையை விளக்குவது. மனிதன் தன் நற்செயலைக் காட்டிக் கூலி கேட்க முடியாது என்பதே போதனை.

இக்கதையைப் பெரட்டுக்களத்தில் நின்று வேலைக்குப் பிரிக்கப்படும் ஒருவர் கேட்பதாகக் கொள்வோம். விடியற்காலையில் ஆட்களை அழைக்கும் தோட்டத்துச் சொந்தக்காரன் அவருக்கு உவமையன்று. நாள்தோறும் காணும் காட்சி. தோட்டத்தில் ஒருநாள் வேலை 'பேர்' எனப்படும். பறித்த கொழுந்து விதித்த அளவிற்குக் குறைந்தாலோ, பிந்தி வந்தாலோ 'அரைப்பேர்' போடப்படும். அவ்வாறிருக்க, கடைசி மணிநேரத்தில் வந்தவனுக்கும் முழுப்பேர் போடும் ஒரு சொந்தக்காரனின் கதை எத்தகைய எண்ணத்தை எழுப்பும்? முறுமுறுத்தோர் கண்டிக்கப்பட்டனர் என்னும் பகுதியை வற்புறுத்தினால் கதை அடக்கத்தைப் போதிக்கும். யாவருக்கும் ஒரே கூலி என்னும் பகுதியை வற்புறுத்தினால் அதே கதை நீதியைக் கேட்கும். இப்பின்னைய வாசிப்பு வெறுங்கற்பனையன்று. ஜோன் ரஸ்கின் 1860 இல் எழுதிய பொருளியற் கட்டுரைகளுக்கு இவ்வுவமைக்கதையிலிருந்தே தலைப்பை எடுத்தார். 1904 இல் அதனைப் படித்த காந்தி பின்னர் அதனைச் சர்வோதயம் என்னும் பெயரில் குஜராத்தியில் தந்தார். அக்காந்தி 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து மலைநாட்டுத் தோட்டப் பகுதிகளுக்கும் சென்றார். இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டதும் அவ்வாண்டிலேயே. பேரும் அரைப்பேரும் பற்றிய பிணக்கு அத்தோடு தீரவில்லை. 2021 இல் நாட்கூலி ஆயிரம் ரூபாயாக அறிவிக்கப்பட்ட பின்னரும், எத்தனை கிலோ கொழுந்துக்கு ஒரு பேர் என்பதே வாதமாயிற்று.

(ஆ) கண்காணி. சபைமூப்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு, மேற்பார்வையாளன் என்னும் அதன் நேர்ப்பொருளில், பழைய தமிழ் மொழிபெயர்ப்பு கண்காணி என்ற சொல்லை ஆள்கிறது. பேதுருவின் முதல் நிருபத்திலே கிறிஸ்துவே ஆத்துமாக்களின் மேய்ப்பரும் கண்காணியுமாகச் சொல்லப்படுகிறார். தோட்டத்தில் அதே சொல் கங்காணி என மருவி வழங்கியது. ஊரிலே ஆள்கட்டி அழைத்துவந்தவரும், முன்பணம் கொடுத்தவரும், கூலியைப் பெற்றுப் பிடித்தம் போகப் பகிர்ந்தவரும் பெரிய கங்காணியே. மேய்ப்பனையும் கண்காணியையும் இணைத்துக் கூறும் அவ்வசனத்தைக் கேட்ட தொழிலாளி, அவ்விணைப்பில் ஆறுதலைக் கண்டிருப்பாரா, அச்சத்தைக் கண்டிருப்பாரா? மேலே உள்ளவன் யாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது தூய்மைவாதப் பிரசங்கத்தின் மையப்படிமங்களுள் ஒன்று. அப்பார்வை தோட்டத்திலே துரை, கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி எனப் படிமுறையாக இறங்கிவந்தது. வின்த்ரொப்பின் மலைமேல் நகரை உலகம் நோக்கியது. இங்கோ மேட்டிலிருந்த பங்களா கீழேயுள்ள லயன்களை நோக்கியது.

(இ) கடன். மத்தேயுவில் வரும் கர்த்தருடைய செபத்தில் பாவம் கடன் எனப்படுகிறது. மன்னிப்பு கடன்தீர்ப்பு எனப்படுகிறது. எபிரெயர் நிருபம் கிறிஸ்துவைப் பிணையாளி என்கிறது. இரட்சிப்புக்கு இன்னொரு சொல் மீட்பு; அடகுவைத்த பொருளை மீட்பதற்கும் தமிழில் அதுவே சொல். வணிக வகுப்பினர் மிகுந்த இங்கிலாந்தில் இக்கடன் உருவகம் தூய்மைவாதப் பிரசங்கிகளுக்குப் பெருவிருப்பாயிற்று. மனிதன் பிறக்கும்போதே தீர்க்கமுடியாத கடனோடு பிறக்கிறான்; வேறொருவர் அதனைச் செலுத்தினாலன்றி அவனுக்கு விடுதலையில்லை என்பது அதன் சாரம்.

தோட்டத்தில் இதற்கு உருவகம் தேவைப்படவில்லை. வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், அவருடைய கடன் இவ்வளவு என எழுதிய 'துண்டு' ஒன்றைப் பெற வேண்டும். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்த வேண்டும். கடன் தீரவில்லை, கைமாறியது. 1921 இலேயே துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை, கடனை வேறொருவர் செலுத்தி மீட்பது என்னும் இறையியற் கருத்து, தோட்டப் பொருளியலின் நடைமுறையோடு அச்சொட்டாக ஒத்திருந்தது. இவ்வொற்றுமையை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். கடன்பட்டிருப்பதே மனித இயல்பு எனக் காட்டித் தோட்டக்கடனை இயற்கையாக்கலாம். கடனை மன்னிப்பதே கடவுளின் இயல்பு எனக் காட்டித் தோட்டக்கடனைக் குற்றமாக்கலாம்.

(ஈ) பயணம். யாத்திராகமக் கதையே தூய்மைவாதிகளின் தலையாய படிமம் என்றோம். அடிமைத்தனம், வனாந்தரம், வாக்களிக்கப்பட்ட நாடு என்பது அதன் வரிசை. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மடிந்தோர் பலர். தேயிலைத் தூரடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என ஆசைகாட்டி ஆள்கட்டினர் என மலையக வாய்மொழி மரபு கூறும். பாலும் தேனும் ஓடும் தேசத்துக்கு அதுவே ஈடு. ஆனால் வனாந்தரத்தைக் கடந்து அவர்கள் சேர்ந்த இடம் லயன் காம்பிரா. இஸ்ரவேலர் அடிமைத்தனத்திலிருந்து புறப்பட்டுப் பாலைவனத்தைக் கடந்தனர். இவர்கள் பாலைவனத்தைக் கடந்து அடிமைத்தனத்தைச் சேர்ந்தனர். கதையின் வரிசையே தலைகீழாயிற்று.

இத்தலைகீழ் நிலையைப் பிரசங்கம் எவ்வாறு எதிர்கொள்ளலாம்? பனியன் காட்டிய வழி ஒன்றுண்டு. பயணம் ஆன்மாவுக்குரியது, எகிப்து பாவம், வனாந்தரம் இவ்வுலக வாழ்வு, கானான் மறுமை. இவ்வாறு அகமுகப்படுத்தியதும் வரிசை மீண்டும் நேராகிவிடும். கண்ணெதிரே உள்ள எகிப்து மட்டும் கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடும். துரைமாரின் நன்கொடையோடு நடந்த மிஷனில் இவ்வகமுகப் பயனே இயல்பாக இருந்திருக்கும் எனக் கருத இடமுண்டு. உபதேசிமாரின் தனிப்பட்ட நேர்மையைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. எழுத்தறிவும் நோயுற்ற காலத்து உதவியும் அவர்கள் வழியாகவும் தோட்டத்துக்கு வந்தன. அமைப்பே பயனின் எல்லையை வகுத்தது என்பதே நாம் கூறவருவது.

6

அவ்வாறாயின் பிரசங்கம் அடக்குமுறையின் கருவி மட்டுந்தானா? முற்போக்காளர் சிலர் அவ்வாறு கூறி அமைவர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. ஈ. பி. தொம்சன் 1963 இல் வெளியிட்ட நூலில், மெதடிஸ்த சமயம் ஆங்கிலத் தொழிலாளரை ஆலையொழுங்குக்கு அடிபணியச் செய்ததைக் கடுமையாக விவரிக்கிறார். அதே நூலில், பனியனின் கதை தொழிலாளர் இயக்கத்தின் மூலநூல்களுள் ஒன்று என்றும் காட்டுகிறார். 1649 இல் ஜெராட் வின்ஸ்ரன்லியும் அவர் தோழரும் தூய்மைவாதம் கற்பித்த அதே வேதமொழியைக் கொண்டு, நிலம் யாவர்க்கும் பொது என அறிவித்துச் சென் ஜோர்ஜ் குன்றினைக் கொத்திப் பயிரிட்டனர். அமெரிக்காவில் எஜமானர் கற்பித்த யாத்திராகமத்தைக் கறுப்பின அடிமைகள் தமது விடுதலைப் பாடலாக்கினர். 1968 ஏப்ரல் 3 ஆம் நாள், மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை ஆதரித்துப் பேசிய மார்ட்டின் லூதர் கிங், மலையுச்சியில் நின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்ட மோசேயின் படிமத்தைக் கையாண்டார். வசனம் மாறவில்லை, பயன் மாறியது.

மலையகத்தில் இம்மாற்றம் முதலில் ஆலயத்துக்கு வெளியே நிகழ்ந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931 இல் ஹற்றனில் இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாரதி பாடல்களையும் தாமே இயற்றியவற்றையும் கூட்டங்களில் பாடினார். பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி பாடிய புலம்பலின் மரபு அவ்வாறு தேயிலைத் தோட்டத்தை அடைந்தது. தொழிற்சங்க மேடைப்பேச்சு தூய்மைவாதப் பிரசங்கத்தினின்று நேராகப் பிறந்ததெனக் கூறுதல் மிகையாகும். ஆயினும், ஒருவர் எழுந்து நின்று, பலரை முன்னிலைப்படுத்தி, அவர்களது நிலையைப் பட்டியலிட்டு, அதற்குக் காரணம் காட்டி, செய்யவேண்டியதை வற்புறுத்தும் பேச்சுவடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரசங்கத்தின் வழியாகவே தமிழில் வேரூன்றியது. இதனைப் பேர்ணாட் பேற் முதலிய ஆய்வாளர் விரிவாக நிறுவியுள்ளனர்.

இதில் முன்னிலைச் சொல்லின் பங்கு சிறியதன்று. துரையும் கங்காணியும் தொழிலாளியை ஒருமையில் விளித்தனர். பிரசங்கமோ 'சகோதரரே', 'பிரியமானவர்களே' என விளித்து, 'நீங்கள்' எனப் பேசியது. அதன் போதனை அடக்கமாயினும், அதன் இலக்கணம் மரியாதையாக இருந்தது. லயத்து மக்களைப் பன்மையில் விளித்த பொதுப்பேச்சுகளுள் அதுவும் முந்தியது எனலாம். பின்னர் வந்த 'தோழர்களே' என்னும் விளி, அவ்விலக்கணத்துக்கு வேறொரு போதனையைச் சேர்த்தது.

ஆலயத்துக்குள்ளும் பயன் மாறியது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. நாமங்கள் எழுதப்பட்ட ஜீவபுஸ்தகத்தைப் பற்றி விவிலியம் பேசும். செக்ரோலில் நாள்தோறும் பேர் எழுதப்பட்டவர்களின் பேர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கியது. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மக்களைத் தொகையாக எண்ணிப் பிரித்த அந்நிலையில், பயணம் அகத்துக்குரியது என்னும் பழைய பயன் போதாதெனக் கிறித்தவருள் சிலரே உணர்ந்தனர். 1972 இல் யேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் கண்டியில் தொடங்கிய சத்தியோதயம் தோட்ட மக்களின் உரிமைக்காகக் குரல்கொடுத்தது. எகிப்து மீண்டும் புறத்தே காணப்பட்டது.

7

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இரண்டு. முதலாவது, உருவகம் தன்னளவிலே அடிமைப்படுத்துவதுமில்லை, விடுவிப்பதுமில்லை. தோட்டம், கண்காணி, கடன், பயணம் ஆகிய நான்கும் துரைக்கும் பயன்பட்டன. துரையை எதிர்த்தோர்க்கும் பயன்படக்கூடியனவாயிருந்தன. தூய்மைவாதிகள் நான்காகப் பகுத்த பிரசங்கத்தில் முதல் மூன்றும் நூலுக்குரியவை. நான்காவது பேசுவோனின் நிலைக்கும் கேட்போனின் நிலைக்கும் உரியது. பயனை வகுக்கும் உரிமை யாரிடமுள்ளது என்னும் வினாவே அணியியலைச் சமூகவியலோடு இணைக்கிறது.

இரண்டாவது, கேட்போன் வெறும் பாத்திரமல்லன். துண்டினால் கட்டுண்டவன் மீட்பு என்னும் சொல்லைக் கேட்டபோது, பிரசங்கி கருதிய பொருளோடு பிரசங்கி கருதாத பொருளும் அவன் மனத்தில் எழுந்திருக்கும். மலையக மக்களைப் பிறர் சொற்களால் ஆட்பட்டவராக மட்டும் சித்திரிக்கும் ஆய்வுகள் இவ்விரண்டாம் பொருளைத் தவறவிடுகின்றன.

2003 ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராக எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கியது. தொழிலாளர் வருகையின் இருநூறாண்டு நிறைவையொட்டி, 2023 ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்டு வரை, கிறித்தவ அமைப்புகளும் குடிமைச் சமூக அமைப்புகளும் ஒழுங்குசெய்த நடைபயணம் ஒன்று தலைமன்னாரிலிருந்து மாத்தளையை அடைந்தது. மூதாதையர் கூடையும் குழந்தையுமாக நடந்த வழியையே அவர்களது வழித்தோன்றல்கள் காணியும் வீடும் சமவுரிமையும் கோரி நடந்தனர். ஒரு காலத்தில் ஆன்மாவின் பயணமாக விளக்கப்பட்ட கதை, அங்கே கால்களால் நடக்கப்பட்டது.

தோட்டத்து ஆலயங்களின் பதிவேடுகள், உபதேசிமாரின் குறிப்புகள், முதியோர் நினைவிலுள்ள பிரசங்க வாக்கியங்கள், தொழிற்சங்க மேடைகளில் ஒலித்த பேச்சுகள் ஆகியன இக்கோணத்தில் தொகுக்கப்பட வேண்டும். லயத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள மாணவரே இப்பணிக்குப் பெரிதும் தகுதியுடையோர். பெரட்டும் பேரும் துண்டும் அவர்களுக்கு அகராதியில் தேடவேண்டிய சொற்களல்ல. பாட்டன் பாட்டியிடம் கேட்டறிந்தவை.